வெயிலுக்கு ஒரு சோடி, மழைக்கு ஒரு சோடி

மினுங்குகிறது என்பதற்காக டயர் வாங்கிய ஒரே மனிதன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். பழைய டயர்க் குவியலுக்குள் அது மட்டும் புதுச் சப்பாத்துப்போலப் பளபளத்தது. தடவிப் பார்த்தேன். குழந்தையின் கன்னம் தோற்றது. அது தேய்ந்து மொட்டையான டயர் என்பதை, பாலாவிச் சந்தியில் ஒரு சின்னத் தூறலில் மல்லாந்து கிடந்தபோதுதான் அறிந்துகொண்டேன். அறிவித்தவர் ரெண்டுசோடி நானா; முஸ்லிம் அண்ணன்மார் எங்களுக்கு நானாமார். ஓடி வந்தவர் முதலில் குனிந்து என் டயரைத் தடவினார். பிறகுதான் நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்தார்.

புத்தளத்திலிருந்து கற்பிட்டி முனைவரைக்கும் வானத்துக்கு அவரளவு மரியாதை கொடுத்த மனிதர் இன்னும் பிறக்கவில்லை. தொழில், வீடு வீடாகப் போய்த் தையல் மெஷின் திருத்துவது. சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கு ஞாபகம் இருந்திருக்கலாம். மோட்டார் சைக்கிளில் பூட்டிய சில்லு ஒரு சோடி. பின்னால் காவடிபோல இரண்டு பக்கமும் தொங்கும் சில்லு இன்னொரு சோடி. ஒன்று வெயிலுக்கு, மற்றது மழைக்கு. முகில் கறுத்தால் வண்டியை ஓரங்கட்டி, ஆணியைக் கழற்றி, முன்னும் பின்னும் மாற்றிப் பூட்டுவார். வெயில் வந்தால் மறுபடியும் கழற்றுவார்.

"மழைக்கு டயர்ல வாய்க்கால் வேணும் தம்பி. தண்ணி அதால வெளிய ஓடணும். வெயிலுக்கு வாய்க்கால் குறைவா இரிக்கணும். ரப்பர் ரோட்டோட ஒட்டணும். விளங்குதா?"

"ரெண்டுக்கும் பொதுவா ஒரு டயர் இல்லையா நானா?"

"நீங்க ஒரே சட்டையோடயா கடலுக்கும் போறீங்க, கலியாணத்துக்கும் போறீங்க?"

இந்தக் கொள்கையால் ஊருக்கு வந்த துன்பம் கொஞ்சமில்லை. நோன்புப் பெருநாளுக்கு முன் திருத்த வேண்டிய மெஷினை ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் திருத்தினார். ஒரு வருடம் பாதிப் பிள்ளைகள் ஒற்றைக் கையோடு சட்டை போட்டுத் திரிந்தார்கள். தனக்கென்று ஒரு மழைக்கோட்டுக்கூட அவர் வாங்கவில்லை. "மனிசன் நனைஞ்சா காய்ஞ்சிடுவான்" என்பார்.

அப்படிப்பட்டவரை நம்பித்தான் நான் பெண் பார்க்கப் புறப்பட்டேன்.

தலவில வேதக்கோயில் திருவிழாக் காலம். சிலாபம் பக்கத்திலிருந்து ஒரு சம்மாட்டி, அதாவது வலையும் படகும் வைத்திருப்பவர், குடும்பத்தோடு வந்து கோயிலடியில் கிடுகுக் கொட்டில் போட்டிருந்தார். அவருடைய மகளை நான் பார்ப்பது, என்னை அவர் பார்ப்பது என்று தரகர் ஒழுங்கு செய்திருந்தார். திருவிழாவில் சந்தித்தால் யாருக்கும் வெட்கமில்லை. பிடிக்காவிட்டால் இரண்டு பக்கமும் மெழுகுதிரி கொளுத்த வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். சம்மாட்டியின் நிபந்தனை ஒன்றுதான்: "மத்தியானச் சாப்பாட்டோட கொட்டிலைப் பிரிப்பம். அதுக்குள்ள வராத பொடியன் பிறகு சிலாபத்துக்கும் வரத் தேவையில்லை."

எனக்குத் தலை வழுக்கையாகத் தொடங்கியிருந்தது. ஏற்கெனவே இரண்டு வீட்டார் என்னைப் பார்த்துவிட்டு மெழுகுதிரி கொளுத்தப் போயிருந்தார்கள். என் மோட்டார் சைக்கிளோ மொட்டை டயரோடு கராஜில் கிடந்தது. பஸ்களில் கூரையில்கூட இடமில்லை. நானாதான் பக்கத்து ஒழுங்கையிலிருந்து வந்து, "ஏறுங்க தம்பி, வானம் துப்பரவா இரிக்கி" என்றார்.

இரண்டு சில்லுகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தேன்.

பாலாவியில் வந்தது சோதனை. வெயில் கொளுத்துகிறது. ஆனால் வீதி நனைந்திருக்கிறது. உப்பு லொறிகள் உப்பளத் தண்ணீரை ஒழுகவிட்டுக்கொண்டு போயிருந்தன. நானா இறங்கினார். ஒரு விரலால் வீதியைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு. மழை இல்ல."

"அப்ப போவம் நானா."

"எப்பிடிப் போற? மேல வெயில், கீழ தண்ணி. இதுக்கு என்னட்ட சோடி இல்லையே!"

மதகில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். ஒரு மனிதனின் வாழ்நாள் தத்துவம் உப்புத் தண்ணீரில் கரைவதை நான் கண்ணால் கண்டேன். கடைசியில் முன்னுக்கு மழைச் சில்லு, பின்னுக்கு வெயில் சில்லு என்று தீர்ப்பாயிற்று. மாற்றி முடிக்கையில் இன்னொரு லொறி எங்கள்மேல் உப்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டுப் போனது.

யுத்த காலம் அது. வழியில் சோதனைச் சாவடி. சில்லுகளைச் சுமந்து திரிகிறவனை யாரும் எடுத்த எடுப்பில் நல்லவன் என்று நினைக்காத நாட்கள். துவக்கோடு நின்ற பொடியன், இது எதற்கு என்று சிங்களத்தில் கேட்டான்.

"வெஸ்ஸட மஹத்தயா" என்றார் நானா. மழைக்கு, ஐயா.

பொடியன் அண்ணாந்து பார்த்தான். ஒரு பஞ்சு முகில்கூட இல்லை. "கோ வெஸ்ஸ?" மழை எங்கே?

"எனவா, எனவா." வருது, வருது.

ஒவ்வொரு சில்லையும் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்து, காற்றைக் கொஞ்சம் திறந்து மணந்து பார்த்து அனுப்பினார்கள். அதற்குள் களப்புப் பக்கம் உண்மையாகவே ஒரு முகில் எழுந்தது. நானாவின் முகத்தில் வந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! பின் சில்லையும் மாற்றினோம். முகில் கடலுக்குள் போய்விட்டது. வெயில் வந்தது. மறுபடியும் இரண்டையும் கழற்றினோம். மத்தியானம் எப்போதோ கழிந்திருந்தது.

மோட்டார் சைக்கிள் சில்லில்லாமல் கல்லின்மேல் நிற்க, நான் இரண்டு கையிலும் இரண்டு சில்லோடு நிற்க, எதிரே ஒரு லொறி வந்தது. சட்டி, பானை, பாய், கிடுகு, அவற்றின்மேல் ஆட்கள். உச்சியில் இருந்த தரகர் கத்தினார்: "அந்தா! அந்தா மாப்பிள்ளை!"

லொறி நின்றது. என் சட்டையில் உப்புப் பூத்திருந்தது. மூக்கில் கிறீஸ். சம்மாட்டி இறங்கி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, காத்துப் போயிட்டா?"

"இல்ல ஐயா... வெயில் வந்திட்டு."

லொறி முழுவதும் சிரித்தது. ஒரு பெண் மட்டும் முக்காட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அவள்தான் என்று விளங்கியது. எல்லாம் முடிந்தது என்பதும் விளங்கியது.

அப்போது வண்டிக்கு அந்தப் பக்கமிருந்து நானா எழும்பி, வாய்க்கால், ரப்பர், மழை, வெயில் எல்லாவற்றையும் விளக்கத் தொடங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சம்மாட்டி அவருக்கு எதிரே குந்தியிருந்தார்.

"நானும் அப்பிடித்தான் நானா! கலங்கின தண்ணிக்கு ஒரு வலை, தெளிஞ்ச தண்ணிக்கு ஒரு வலை. நடுக்கடல்ல மாத்துவன். ஊர்ல என்னை விசரன் எண்டுறாங்கள்."

"என்னையும்தான்!"

இரண்டு பேரும் கட்டிப்பிடிக்காத குறை. என் சம்பளத்தை யாரும் கேட்கவில்லை. என் தலையை யாரும் பார்க்கவில்லை. "உன்ர பொடியன் எண்டா நல்ல பொடியனாத்தான் இருப்பான்" என்றார் சம்மாட்டி. நான் அவருடைய பொடியன் இல்லை என்று நானாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நானா கண்ணை மூடி மவுத்தாகிச் சில வருடங்கள். செய்தி கேட்டு நானும் அவளுமாகப் போய் அவருடைய முற்றத்தில் நின்றபோது வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சில்லை மாற்ற ஒருவரும் எழும்பவில்லை.

லொறி நின்ற அன்றைக்கோ, பெரியவர்கள் வலைக்குள்ளும் டயருக்குள்ளும் மூழ்கியிருந்த தைரியத்தில் நான் லொறியோரம் போனேன். அண்ணாந்து, மெல்லிய குரலில், "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"முதல்ல கையில இருக்கிற சில்லை அந்த நானாக்கிட்ட குடுங்க" என்றாள்.