உள்பக்கம் அச்சிடச் சொன்ன பிராணி

வீரபாண்டி,
12.10.2008

அன்புள்ள மாப்பிள்ளை பிரபாகருக்கு, மச்சான் மருதாசலம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அக்கா கோமளாவும் பிரிண்டிங் பட்டறையும் சௌக்கியம். சென்னையில் நீங்களும் உங்கள் ஏற்றுமதி ஆபீசும் சௌக்கியமாக இருக்க மாகாளியம்மன் துணை.

நிற்க. நீங்கள் பிடித்துக் கொடுத்த குழந்தைகள் பனியன் ஆர்டரைத் திருப்பி அனுப்புகிறேன். காரணத்தைக் கேளுங்கள். கறுப்புப் பனியன், வெளியே ஒன்றும் வேண்டாம், உள்பக்கம் மட்டும் ஒரு கடல் பிராணியின் படம் பிரிண்ட் என்று ஆர்டர் தாளில் இருந்தது. உள்ளே பிரிண்ட் விழுந்தால் திருப்பூரில் அதற்கு ரிஜெக்ட் என்று பெயர். ஆர்டர் கொடுத்த வெள்ளைக்காரர் அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டார், நாம் திருத்திக் கொடுப்போம் என்று வெளியே அழகாகப் போட்டு சாம்பிள் அனுப்பினேன். அவர் அதைத் திருப்பியடித்தார், நீங்கள் போனில் என்னை ஒரு பிடி பிடித்தீர்கள், அதற்குப் பிறகுதான் அந்தப் பிராணியைப் பற்றித் தமிழில் எழுதி அனுப்பினீர்கள். அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

ஆக்டோபஸுக்குப் பங்காளியாம். வெயில் எட்டாத ஆழத்தில், மற்ற மீன்களுக்கு மூச்சுத் திணறுகிற தண்ணீரில் குடியிருக்கிறதாம். மொத்தமே ஒரு அடி நீளம், ரத்தமோ நீலம். விரட்டினால் வெகுதூரம் ஓடத் தெம்பில்லை, கறுப்பு மை பீய்ச்சப் பையும் இல்லை. அந்த இருட்டில் மை எதற்கு? அதனால் கைகளுக்கு நடுவே இருக்கும் தோலை, பனியனைக் கழற்றுகிற மாதிரி தலைக்கு மேலே இழுத்து, தன்னையே உள்வெளியாகப் புரட்டி, வரிசையாக முள்ளைக் காட்டுமாம். அதற்கும் அசராதவன் மேல் கைநுனியிலிருந்து மின்னுகிற கோழையை விடுமாம். படித்து முடிப்பதற்குள் என் டீ ஆறிப்போனது மாப்பிள்ளை. யார் இதற்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது?

சரி என்று, இருட்டில் மினுங்கும் மையை வைத்து உள்பக்கமே போட்டேன். புரட்டினால் எப்படித் தெரியும் என்று பார்க்க என் தலையில் மாட்டி இழுத்தேன். குழந்தை சைஸ், காதோடு நின்றுவிட்டது. அந்நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பிரிண்டிங் டேபிளில் நிற்கும் தூத்துக்குடிக்காரர் முனீஸ், "அண்ணாச்சி, அப்படியே நில்லுங்க, அசைஞ்சிராதிய" என்றார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிய்த்து எடுத்துப் பார்த்தால், கும்மிருட்டில் என் கையில் நீலமாக அது மிதக்கிறது, முள் வரிசையோடு. கும்பிடத் தோன்றியது, கும்பிட்டும்விட்டேன். கரண்ட் வந்ததும் சிரித்தார்கள் பாருங்கள், இன்னும் நிறுத்தவில்லை. இப்போது என் பெயர் ஆக்டோபஸ் அண்ணாச்சி.

ஆகவே வேண்டாமுங்க. இந்த ஆர்டரை விட்டால் தீபாவளிக்கு மேல் பட்டறை மூடித்தான் கிடக்கும் என்பது தெரியும். கிடக்கட்டும். மனுசனுக்கு மரியாதைனு ஒண்ணு இருக்குதுங்களே. வாத்து, நாய்க்குட்டி ஏதாச்சும் இருந்தா குடுங்க, போட்டுத் தர்றேன். இது முடிவான முடிவு.

அனுசுயாவுக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
மருதாசலம்

பி.கு.: இதை மடித்து வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். அதற்குள் கோமளா பிரித்துப் படித்துவிட்டாள். "ஏனுங்க, என்ர தம்பி எழுதுன கடைசி வரிய நீங்க படிக்கலீங்களா? அந்த முள்ளு குத்தாதாமுங்க, தொட்டா மெத்துமெத்துனு இருக்குமாமுங்க. நம்ம ஊட்லயும் அப்படி ஒண்ணு இருக்குதுங்க" என்றாள். பார்சலை அவளே கட்டிவிட்டாள். புது சாம்பிள் உள்ளே இருக்கிறது, பிரிண்ட் உள்பக்கம். மேலே நான் எழுதியதையெல்லாம் தொட்டுப் பாருங்கள் மாப்பிள்ளை, குத்தாது.