மூன்றாம் அறைக்கு ஓர் இருக்கை

எந்த நகரத்தில் பிறக்கும் குழந்தைகளைவிட நடக்கும் விழாக்கள் அதிகமோ, அந்த நகரமே நாகரிகத்தின் உச்சியில் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் இந்தக் கதை நடந்த நகரத்துக்கு வந்து பார்க்கலாம். அதைப் பெரிய நகரம் என்று சொன்னால் பெரிய நகரத்துக்காரர்கள் சிரிப்பார்கள். சின்ன ஊர் என்று சொன்னால் உள்ளூர்க்காரர்கள் அடிக்க வருவார்கள். நடுவாந்தரமான நகரம் என்று வைத்துக்கொள்வோம். யாருக்கும் மனவருத்தம் வேண்டாம்.

அங்கே திங்கட்கிழமை ஓவியக் கண்காட்சித் திறப்பு விழா. புதன்கிழமை அந்தத் திறப்பு விழாவில் எடுத்த புகைப்படங்களின் கண்காட்சி. வெள்ளிக்கிழமை புகைப்படங்களைப் பற்றிய கருத்தரங்கு. ஞாயிறன்று கருத்தரங்கில் பேசியவர்களுக்குப் பாராட்டு விழா. ஓவியம் எங்கே என்று கேட்டுவிடாதீர்கள், கண்ணுகளா. ஓவியத்தை மாட்ட ஆணி கிடைக்கவில்லை. இருந்த ஆணியெல்லாம் பதாகை கட்டப் போய்விட்டது.

இத்தனை பெருமைக்கும் காரணமானவர் பண்பாட்டுக் குழுவின் தலைவர். எந்த அழைப்பிதழைப் பிரித்தாலும் 'முன்னிலை' என்ற சொல்லுக்குக் கீழே அவர் இருப்பார். அதனால் ஊரே அவரை 'முன்னிலை' என்று அழைத்தது. வீட்டில்கூட "முன்னிலை குளிச்சாச்சா?" என்றுதான் கேட்பார்களாம்.

விழாக்கள் நடப்பது அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில். கூடத்துக்குப் பின்னால் அருங்காட்சியகமும் இருந்தது.

அதில் மூன்றாம் அறையின் காவலர்தான் நம்முடைய ஆள். எல்லோருக்கும் அவள் 'மூணாம் ரூம் அக்கா'. ஒட்டவைத்த பானைகள், பாசிமணிகள், மணிக்கூண்டிலிருந்து கழன்று விழுந்த ஒரு பெரிய முள் எல்லாம் அவள் பொறுப்பில் இருந்தன. காலையில் வந்ததும் கண்ணாடிப் பெட்டிகளில் பதிந்திருக்கும் மூக்குத் தடங்களைத் துடைப்பாள். தடத்தின் உயரத்தை வைத்து, நேற்று வந்து ஒட்டிக்கொண்டு பார்த்த பிள்ளை ஒன்றாம் வகுப்பா மூன்றாம் வகுப்பா என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொள்வாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டு அடுப்புக்கும் அந்த வேலை பிடித்திருந்தது. தையல் மெஷின் பழுது பார்க்கும் கணவனை நம்பி அடுப்பு எரிந்த மாதங்கள் குறைவு.

பிடிக்காமல் போனது அவளுடைய மூட்டுகளுக்குத்தான். நாள் முழுக்க நின்று நின்று இரண்டும் வீங்கிப் போயின. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உக்காந்து வேலை பாருங்க. இல்லேன்னா வேலைய விட்டுட்டு உக்காருங்க. நடுவுல வேற வழி கிடையாதும்மா."

அக்கா காப்பாட்சியரிடம் போனாள். அருங்காட்சியகப் பொருள்களையெல்லாம் கண்ணை இமை காப்பதுபோல் காக்கும் அதிகாரி அவர். கண்ணை மூடியே காப்பார் என்று பொருள்.

"சார், மூணாம் ரூம்ல ஒரு நாற்காலி போட்டுக்கட்டுமா?"

காப்பாட்சியர் அதிர்ந்தார். "நாற்காலியா? அது காட்சிப் பொருளா, தளவாடப் பொருளா?"

"உக்கார்ற பொருள் சார்."

"அப்படி ஒரு வகையே நம்மகிட்ட கிடையாதே!"

"கூடத்துல அடுக்கடுக்கா நாற்காலி கிடக்குதே சார். அதுல ஒண்ணு..."

"அது விழாப் பிரிவு. நீங்க பொருள் பிரிவு. இன்னிக்கு ஒரு நாற்காலி இந்தப் பக்கம் வந்தா, நாளைக்கு ஒரு பானை அந்தப் பக்கம் போகும். அப்புறம் வரலாறு என்ன ஆகிறது?" அவர் குரலைத் தாழ்த்தி, அன்பாகவே சொன்னார். "இதப் பாருங்கம்மா. நின்னாத்தான் காவல். உக்காந்துட்டா நீங்களும் பார்வையாளர்தான். பண்பாட்டு வாரத்துல பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வருது. அங்க சொல்லுங்க. மைக்ல சொன்னா அது கோரிக்கை. என்கிட்ட சொன்னா அது தொந்தரவு."

நுழைவுச் சீட்டுக் கொடுப்பவர் இதைக் கேட்டு அக்காவை ஓரமாக அழைத்தார். உலக விவகாரம் தெரிந்தவர். சீட்டு வாங்க அதிகம் பேர் வராததால் தெரிந்துகொள்ள நேரமும் இருந்தது.

"அக்கா, மைக்ல போயி நாற்காலி வேணும்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"ஏம்ப்பா?"

"நாற்காலி ஆசைன்னா என்ன? பதவி ஆசை! முன்னிலை அரண்டு போயிடுவாரு, தன் இடத்துக்குக் குறி வைக்கிறீங்கன்னு."

"அப்ப ஸ்டூலுன்னு கேட்டுடவா?"

"சபையில ஸ்டூலா? மானம் போயிடும். கௌரவமா 'இருக்கை'ன்னு சொல்லுங்க. பஸ்ல 'முதியோர் இருக்கை'ன்னு எழுதியிருக்கான்ல? யாராவது சண்டைக்கு வந்தாங்களா?"

மைக்குக்கு ஒரு குணம் உண்டு. அதன் முன்னால் போனதும் மனிதனுடைய நாக்கு இஸ்திரி போட்டுக்கொள்ளும். 'வந்தேன்' என்பது 'வருகை புரிந்தேன்' ஆகும். 'டீ குடுத்தாங்க' என்பது 'தேநீர் விருந்து நல்கினார்கள்' ஆகும். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அக்காவின் நாக்கும் மடிப்புக் கலையாமல் நிமிர்ந்தது.

"இந்த அருங்காட்சியகத்துக்கு ஓர் இருக்கை வேண்டும். நெடுநாட்களாக அது இல்லாமல் மிகவும் சிரமமாக உள்ளது."

முன்னிலை எழுந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"ஓர் இருக்கை! பெரிய பெரிய பல்கலைக்கழகங்களில் மொழிக்கு இருக்கை இருக்கிறது. தத்துவத்துக்கு இருக்கை இருக்கிறது. நம் அருங்காட்சியகத்துக்கு ஓர் ஆய்வு இருக்கை உண்டா? இல்லையே! வெட்கம்! ஒரு கடைநிலை ஊழியர் சொல்லி நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே!"

படித்தவர்களின் அகராதியில் 'இருக்கை' என்றால் ஒரு துறையில் ஆராய்ச்சி செய்வதற்காக ஏற்படுத்தும் பேராசிரியர் பதவி. அதில் சாமானியமாக உட்கார முடியாது. 'அமர' மட்டும்தான் முடியும். அக்காவுக்கு இது தெரியாது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியதுதான் தெரிந்தது.

வீட்டுக்குப் போய்க் கணவனிடம் சொன்னாள். "என்னங்க, ஒரு நாற்காலி கேட்டேன். அத்தனை பேரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க!"

அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். "அத்தனை பேரும் எழுந்துட்டாங்களா? அப்ப அத்தனை நாற்காலியும் காலியாத்தானே இருந்திருக்கும்? ஒண்ணை இழுத்துட்டு வர வேண்டியதுதானே?"

"உங்களுக்கு எல்லாமே கேலிதான்."

"கேலி இல்லம்மா. நான் ஒரு முக்காலி செஞ்சு தரேன். நாளைக்கே எடுத்துட்டுப் போ."

"வேணாம். சபையில ஒத்துக்கிட்டிருக்காங்க. பெரிய மனுஷங்க பேச்சு, சும்மா போகாது."

சும்மா போகவில்லை. 'இருக்கை அமைப்புக் குழு' பிறந்தது. அது ஒரு துணைக்குழுவைப் பெற்றது. முன்மொழிந்தவரின் எண்ணங்களைக் கேட்டு எழுதக் காப்பாட்சியரே மூன்றாம் அறைக்கு வந்தார். இதே அக்கா இதையேதான் தன்னிடம் முன்பு கேட்டாள் என்பது அவருக்கு நினைவில்லையா? நன்றாக நினைவிருந்தது. ஆனால் அது தொந்தரவு, இது கோரிக்கை. இரண்டையும் குழப்பிக்கொள்பவர் அதிகாரியாக முடியாது.

"இருக்கை எந்தத் துறையில அமையணும்மா?"

"துறையெல்லாம் எனக்கென்ன தெரியும் சார்? ஜன்னலோரமா இருந்தா காத்து வரும்."

'உலகை நோக்கித் திறந்த சாளரம்' என்று எழுதிக்கொண்டார்.

"நிரந்தரமா, தற்காலிகமா?"

"ஆடாம அசையாம இருக்கணும் சார்."

'எந்த ஆட்சி மாற்றத்திலும் அசையாதது.'

"பின்புலம்?"

"முதுகு சாய ஏதாவது இருந்தாப் போதும்." அக்காவுக்குச் சற்றுத் தைரியம் வந்தது. "கை வச்சதுன்னா இன்னும் சௌகரியம்."

காப்பாட்சியர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார். "பெரிய கை ஒண்ணு பின்னால இருக்கத்தான் செய்யுது. வெளிய சொல்லிடாதீங்க."

பெரிய கை வைத்த நாற்காலி! அன்றிரவு அக்காவுக்கு நல்ல தூக்கம் வந்தது.

பிறகு 'இருக்கைக்காக ஓடுவோம்' என்று ஒரு மாரத்தான் நடந்தது. உட்காரும் பொருளுக்காக ஓர் ஊரே ஓடியது உலகத்திலேயே அங்கேதான் இருக்கும். ஓடியவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஊழியர்களைச் சாலையோரம் நிறுத்தினார்கள். அக்கா காலை முழுவதும் தண்ணீர்க் குவளையோடு நின்றாள். மறுநாள் மூட்டு இளநீர்க்காய்போல் வீங்கியது. பரவாயில்லை, எல்லாம் நம் நாற்காலிக்குத்தானே என்று எண்ணெய் தடவிக்கொண்டாள்.

இருக்கையின் தொடக்க விழா வந்தது. மேடையெல்லாம் பூ. அக்கா தலையை இப்படியும் அப்படியும் நீட்டித் தேடினாள்.

"எங்கப்பா இருக்கை? துணி போட்டு மூடி வச்சிருக்காங்களா?"

சீட்டுக்காரர் தர்மசங்கடத்தோடு மேடையைக் காட்டினார். "அதோ, கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரே, அவருதான் அக்கா."

"அவரு உக்காந்திருக்கிற நாற்காலியா?"

"அந்த நாற்காலி மேடைக்குன்னு வாடகைக்கு எடுத்தது. அவருதான் இருக்கை. இருக்கைப் பேராசிரியரு. வெளியூர்லேர்ந்து வந்திருக்காரு."

"மனுஷன் எப்படிப்பா இருக்கை ஆவான்?"

"நிறையப் படிச்சா ஆயிடலாம் போல."

அக்கா மேடையை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு, "பஸ்ல சண்டைக்கு வரலைன்னு சொன்னியே, பாவி" என்றாள். சீட்டுக்காரர் ஓடும் பல்லியைப் பார்ப்பதுபோல் கூரையைப் பார்த்தார்.

கணவன் அன்றைக்கே முக்காலி செய்யத் தொடங்கினான்.

அது தயாராவதற்குள் பேராசிரியர் மூன்றாம் அறைக்கு வந்துவிட்டார். பானைகளைப் பார்த்தார். கொட்டாவி விட்டார். அக்காவைப் பார்த்தார். கொட்டாவி பாதியில் நின்றது.

"நீங்க ஏன் நிக்கறீங்க?"

"உக்கார ஒண்ணும் இல்ல சார்."

"எவ்வளவு காலமா?"

"வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து."

"அற்புதம்!" என்றார் பேராசிரியர். குறிப்பேட்டைத் திறந்தார். இருக்கையின் முதல் ஆய்வுத் தலைப்பு அங்கேயே பிறந்தது: 'நிற்றலின் அழகியல்: காவலும் உடலும்.'

மறுநாள் அக்கா முக்காலியோடு வந்து ஜன்னலோரம் போட்டாள். உட்காரக் குனிந்தாள். பேராசிரியர் பாய்ந்து வந்தார்.

"ஐயோ, என்னம்மா பண்றீங்க! நீங்க உக்காந்துட்டா என் ஆய்வு படுத்துடும்!"

"நான் உக்காரத்தானே சார் இருக்கையே கேட்டேன்?"

"நீங்க ஏன் உக்கார முடியலைன்னு கண்டுபிடிக்கத்தானே நானே வந்திருக்கேன்? முடிவு வர்ற வரைக்கும் ஆய்வுப் பொருள்ல கை வைக்கக் கூடாது."

"யாரு சார் பொருள்?"

"நீங்கதான்."

காப்பாட்சியரின் நெஞ்சிலிருந்து ஒரு பெரும் பாரம் இறங்கியது. அன்று மாலையே அக்கா நிற்கும் இடத்தில் ஓர் அட்டை வைத்தார். 'காலம்: நடப்பு. நிலை: நல்ல நிலை.' முக்காலி பறிமுதல் செய்யப்பட்டு, பேராசிரியரின் தேநீர்க் கோப்பையை வைக்கப் பயன்பட்டது.

"எப்ப சார் ஆராய்ச்சி முடியும்?" என்று அக்கா கேட்டாள்.

"நீங்க ஓய்வு பெறுறதுக்குள்ள முடிச்சிட முயற்சி பண்றேன்" என்றார் அவர், மனமாரத்தான்.

ஆய்வின் முதற்கட்ட வெற்றியைக் கொண்டாட, மூன்றாம் அறையிலேயே ஒரு விழா எடுத்தார்கள். விழா என்பதால் விழாப் பிரிவு நாற்காலிகள் எல்லை தாண்டி உள்ளே வந்தன. பானைப் பெட்டிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு வரிசை வரிசையாகப் போட்டார்கள். விருந்தினர்கள் உட்கார்ந்தார்கள். விருந்தினர்களின் கைப்பைகளும் உட்கார்ந்தன. அக்கா அட்டையின் பக்கத்தில் நின்றாள். வலது முட்டி தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது. பேராசிரியர் அந்த நடுக்கத்தைக் குறித்துக்கொண்டார்.

முன்னிலை முழங்கினார்:

"அன்பர்களே! நம் நகரத்தின் பண்பாடு இனி யார் தயவையும் எதிர்பார்த்து இல்லை. அது இன்று சொந்தக் காலில் நிற்கிறது!"

கைதட்டல் கண்ணாடிகளை அதிரவைத்தது. அது ஓயும்வரை அக்கா பொறுத்திருந்தாள்.

"சொந்தக் கால் இல்லீங்க," என்றாள். "அது என் கால்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"ரொம்ப நாளா இரவல் குடுத்துட்டேன். இப்ப எனக்கு வேணும். எடுத்துக்கிட்டுப் போறேன்."

போகும் வழியில் பேராசிரியரின் தேநீர்க் கோப்பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். முக்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கினாள். மாதச் சம்பளமும் அவள் பின்னாலேயே இறங்கிப் போயிற்று. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. வாசலில் சீட்டுக்காரர் எழுந்து நின்றார். "என் நாற்காலிய வேணா எடுத்துக்குங்க அக்கா" என்றார்.

"நீ உக்காருப்பா. உனக்கும் முட்டி இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு அவள் தெருவில் இறங்கினாள்.

இப்போது அந்த நகரத்தில், பண்பாடு அடுத்து எந்தக் காலில் நிற்பது என்று முடிவு செய்ய ஓர் உயர்மட்டக் குழு கூடியிருக்கிறது. மூன்றாம் அறையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். குழுவில் இருப்பவர்களைக் குறை சொல்லாதீர்கள். அத்தனை பேரும் தங்கமானவர்கள். கலைக்காக உயிரைக் கேட்டாலும் கொடுத்துவிடுவார்கள்.

நாற்காலியை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.