ஆபீசர் கேட்டா என்ன சொல்வீங்க?

பொய் சொல்வது என்று முடிவு செய்தேன். சின்னப் பொய் இல்லை. அரசாங்க அலுவலகத்தில், அதிகாரியின் எதிரில், மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல்ல வேண்டிய பெரிய பொய். "எங்கள் வீட்டில் சமைப்பது, துவைப்பது, பெருக்குவது எல்லாம் நான்தான்" என்பதே அந்தப் பொய்.

இப்படி ஒரு பொய் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பாதி மாடியில் நின்றுபோன லிஃப்டைப் பேச்சுவார்த்தை நடத்தி நகர வைப்பது என் தொழில். இந்த நாட்டில் மாடிகள் அதிகம், மெக்கானிக்குகள் குறைவு. அதனால் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். ஆனால் வேலை அனுமதி முடியப் போகிறது. அதற்குள் நிரந்தர வசிப்புரிமை கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

விண்ணப்பத்தில் நான் 'திறன் பெற்ற பணியாளர்'. என் மனைவி 'சார்ந்திருக்கும் துணைவர்'. ஊரில் அவள் கணக்கு டீச்சர். அவள் வகுப்புக்குள் நுழைந்தால் மின்விசிறிகூடச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பார்கள். ஆனால் சார்ந்திருப்பவர் இங்கே வேலைக்குப் போகக் கூடாது. வசிப்புரிமை வந்தால்தான் போகலாம். அதுவரை அவளுக்குக் கிடைத்த ஒரே மாணவன் நான்.

நேர்காணலுக்கு இருவரும் வர வேண்டும் என்று தகவல் வந்தது. என்னோடு வேலை பார்க்கும் ஸ்பேனர்தான் பீதியைக் கிளப்பினான். ஸ்பேனர் என்பது நாங்கள் வைத்த பெயர். எதையும் திருகாமல் விடமாட்டான்.

"அண்ணே, நேர்காணல்ல வீட்டைப் பத்தித்தான் துருவித் துருவிக் கேப்பாங்களாம். பொண்டாட்டியை வேலைக்காரி மாதிரி வச்சிருக்கிற ஆளுன்னு தெரிஞ்சா, அவ்வளவுதான். அடுத்த விமானம்."

"யாருடா சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்கண்ணே."

"உன்கிட்ட கேட்டப்போ நீ என்ன சொன்னே?"

"என்கிட்ட ஏன் கேக்கப் போறாங்க? எனக்குத்தான் கல்யாணமே ஆகலையே!"

கம்பி அறுந்த லிஃப்ட் மாதிரி என் நெஞ்சு நேராகத் தரைத்தளத்துக்குப் போனது. எங்கள் வீட்டில் நான் செய்த ஒரே வீட்டு வேலை, சாப்பிடும்போது தட்டைக் காலி செய்வது.

அன்றே மனைவியை உட்கார வைத்துப் பயிற்சியைத் தொடங்கினேன்.

"நான்தான் ஆபீசர். பதில் சொல்லு. வீட்ல சமையல் யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"துணி துவைக்கிறது?"

"என் வீட்டுக்காரர்."

"பாத்திரம்?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. "முடியலைங்க. வேற ஏதாவது நம்பற மாதிரி சொல்லலாமே. நீங்க நிலாவுக்குப் போயிட்டு வந்தீங்கன்னு வேணா சொல்றேன்."

"சிரிக்காதே! நம்ம வாழ்க்கையே இதுல தொங்குது!"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். பிறகு டீச்சர் முகம் வந்தது.

"சரிங்க. நான் எப்படியோ சமாளிச்சுடுவேன். ஆபீசர் உங்களைக் கேட்டா என்ன சொல்வீங்க?"

"கேக்கட்டுமே!"

"உப்பு எங்க இருக்கு?"

"சமையலறைல."

"சமையலறைல எங்க?"

"டப்பால."

"எந்த டப்பால?"

நான் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அவள் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"எட்டிப் பார்க்கறது எல்லாம் இங்க நடக்காது. ரெண்டு பேருக்கு அரிசி எவ்வளவு போடுவீங்க?"

"தேவையான அளவு."

"வெள்ளைத் துணி, சாயம் போற துணி ரெண்டும் இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"ரெண்டையும் துவைப்பேன்."

"பூஜ்யம்!" என்றாள். "இந்த லட்சணத்துல போனா உங்களோட சேர்த்து என்னையும்ல அனுப்பிடுவாங்க!"

"பதிலையெல்லாம் சொல்லிக் கொடும்மா. மனப்பாடம் பண்ணிடறேன்."

"மனப்பாடம் பண்ணின பையன் கேள்வியை மாத்திக் கேட்டா திருதிருன்னு முழிப்பான். எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்! செஞ்சு பார்த்தவன்தாங்க தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சரியாச் சொல்வான்."

நியாயமாகப் பட்டது. என் பொய்க்காக இவள் எவ்வளவு அக்கறை எடுத்துக்கொள்கிறாள் என்று மனம் நெகிழ்ந்துகூடப் போனேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

முதல் நாள் வடித்த சோற்றைக் கொண்டு தெரு முழுவதும் சுவரொட்டி ஒட்டியிருக்கலாம். இரண்டாம் நாள் சோற்றைக் கவணில் வைத்துக் காக்காய் விரட்டியிருக்கலாம். மூன்றாவது முயற்சியில் அது சோறு மாதிரி இருந்தது. வெங்காயம் நறுக்கினேன், கூடவே விரலையும் நறுக்கினேன். என் வெள்ளைச் சட்டையை அவளுடைய சிவப்புத் துண்டோடு சேர்த்துத் துவைத்து, வெட்கப்பட்ட நிறத்தில் ஒரு சட்டையை வெளியே எடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். "அண்ணிக்குப் பிடிச்ச கலரா அண்ணே?" என்று கேட்டான் ஸ்பேனர்.

சில நாள் உடம்பு கெஞ்சும்.

"இன்னிக்கு ரொம்ப அசதியா இருக்கு. நீயே சமைச்சிடேன்."

"தாராளமாச் செய்றேங்க. எனக்கென்ன கஷ்டம்? ஆபீசர் கேட்டா என்ன சொல்வீங்க?"

அவ்வளவுதான். லிஃப்டில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் எப்படி நிற்குமோ, அப்படி என் அசதி நின்றுவிடும். எழுந்து அடுப்பைப் பற்றவைப்பேன்.

பாடத்திட்டம் வளர்ந்துகொண்டே போனது. சமையல் முடிந்து துணி வந்தது. துணி முடிந்து இஸ்திரி வந்தது. ஒருநாள் குளியலறையின் வடிகால் மூடியைக் கழற்றச் சொன்னாள்.

"ஏம்மா, இதையுமா கேப்பாங்க?"

"கேக்க மாட்டாங்கன்னு உங்களுக்கு உறுதியாத் தெரியுமா?"

எனக்கு உறுதியாகத் தெரியாது. கழற்றினேன். உள்ளே இருந்ததைப் பற்றிக் குழந்தைகளும் படிக்கும் இடத்தில் எழுத முடியாது.

நேர்காணல் நாள் வந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி. நான் தயாராக இருந்தேன். உப்பா? அரிசியா? வடிகாலா? எதை வேண்டுமானாலும் கேளுங்கள் அம்மா!

அவர் லிஃப்டைப் பற்றிக் கேட்டார். பிரேக் எப்படிப் பிடிக்கும் என்றார். சொன்னேன். கதவுக்கு நடுவில் கை வந்தால் என்ன ஆகும் என்றார். சொன்னேன். என் மனைவியிடம் அவள் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டார். சொன்னாள். பிறகு பேனாவை மூடினார்.

"முடிஞ்சது. நீங்க கிளம்பலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முடிந்ததா? வீட்டைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லையா? என் விரல்? என் வெள்ளைச் சட்டை?

"மேடம்!" என்று எழுந்து நின்றுவிட்டேன். "எங்க வீட்ல சமையல் நான்தான்!"

"அதை நான் கேக்கலையே."

"கேக்காட்டியும் சொல்றேன் மேடம்! ரெண்டு பேருக்கு ஒரு டம்ளர் அரிசி. உப்பு அலமாரில ரெண்டாவது தட்டுல, நீல மூடி போட்ட டப்பா. சாயம் போற துணியைத் தனியாத்தான் போடுவேன். வடிகாலைக்கூட நான்தான் மேடம்!"

அதிகாரி கண்ணாடியை இறக்கி என் மனைவியைப் பார்த்தார். "இவர் சொல்றது உண்மையா?"

என் மனைவி சிரிக்கவில்லை. கண்கூட இமைக்கவில்லை. "ஒவ்வொரு வார்த்தையும் உண்மைங்க. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை."

அடேயப்பா, என்ன அழகாகப் பொய் சொல்கிறாள் என்று வியந்தேன். அடுத்த நொடியே மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நேற்று சமைத்தது யார்? நான். அவள் கட்டியிருக்கும் புடவைக்கு இஸ்திரி போட்டது யார்? நான். போன வாரம்? அதற்கு முந்தைய வாரம்? பொய் சொல்வதற்காக ஒரு மாதம் உழைத்து, அரசாங்க அலுவலகத்தில் நின்று, ஒரு சொட்டுப் பொய்கூடக் கலக்காமல் உண்மையைச் சொல்லியிருக்கிறேன்!

"என் வீட்டுக்காரருக்கு ஒரு நாள் வகுப்பு எடுப்பீங்களா?" என்று கேட்டார் அதிகாரி. என்னிடம் இல்லை. என் மனைவியிடம்.

சில வாரங்களில் வசிப்புரிமை வந்துவிட்டது. இருவருக்கும். நான் கூடத்தில் குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். பிறகு சோபாவில் சாய்ந்து, காலைத் தூக்கி முக்காலிமேல் போட்டுக்கொண்டேன்.

"இனிமே ஆபீசரும் இல்லை, பரீட்சையும் இல்லை. ஒரு காபி கொண்டா பார்க்கலாம்!"

மறுபேச்சுப் பேசாமல் கொண்டுவந்தாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"ஏங்க, திங்கக்கிழமை நான் ஸ்கூல்ல சேர்றேன். கணக்கு டீச்சர். விடிஞ்சதும் கிளம்பிடணும்."

காபி என் மூக்கு வழியாக வந்தது.

"உரிமையே இன்னிக்குத்தானே வந்தது! அதுக்குள்ள வேலை எப்படி?"

"முன்னாடியே பேசி வச்சிருந்தேன். உரிமை வந்ததும் வந்து சேருங்கன்னாங்க."

"அப்ப சமையல்?"

ஒன்றும் ஒன்றும் எத்தனை என்று கேட்ட பையனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் மெதுவாகப் புரியத் தொடங்கியது.

"ஏம்மா... ஆபீசர் வீட்டைப் பத்திக் கேக்க மாட்டாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே. நீங்க பயிற்சி ஆரம்பிச்ச மறுநாளே விண்ணப்பம் போட்டுக் கொடுத்த ஏஜென்ட்டுக்குப் போன் பண்ணினேன். லிஃப்டைப் பத்தித்தான் கேப்பாங்க, வீட்டைப் பத்தியெல்லாம் கேக்க மாட்டாங்கன்னு சொன்னார்."

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நல்லாப் படிக்கிற பையனை நடுவுல யாராவது நிறுத்துவாங்களா?"

கடைசியாக ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது.

"ஸ்கூல்ல எப்பதான் போய்ப் பேசினே?"

"நீங்க முதல் தடவையா என்னைக் கூப்பிடாம, முழுச் சமையலையும் தனியா முடிச்சீங்களே, அன்னிக்குச் சாயங்காலம்."