கிணற்றுக்குக் கம்பி வலை போடச் சொன்ன சேஃப்டி அக்கா

தமிழ் நாவல்களில் இதுவரை கிணற்றில் குதித்துச் செத்த பெண்கள் அத்தனை பேரையும் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே ஆள், சிங்காநல்லூர் பெண்கள் விடுதியில் எனக்குப் பக்கத்து அறையில் குடியிருந்தார். எழுதுகிறவர்கள் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நம் கிராமத்து நாவல்களில் பாதிப் பேர் இன்னும் உயிரோடு இருந்து, பேரன் பேத்தி எடுத்து, ரேஷன் கடையில் வரிசையில் நின்றிருப்பார்கள்.

அவர் பக்கத்து நூற்பாலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி. அதனால் விடுதி முழுக்க அவருக்குச் சேஃப்டி அக்கா என்றே பெயர். மில்லில் ஒருவருக்கு விரல் நசுங்கினால் அது எப்படி நடந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், என்ன செய்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று விசாரிப்பது அவர் வேலை. சாயங்காலம் மில்லை விட்டு வந்துவிடுவார், வேலையை மட்டும் விட்டுவிட்டு வரமாட்டார். மெஸ்ஸில் ரச வாளி வைத்திருக்கும் இடம் ஆபத்தானது என்பார். ஈரக் கையோடு நான் சுவிட்சைத் தொட்டதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அவர் நாவல் படிப்பதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியாது. விடுதியின் கீழ்த்தளத்தில் ஓர் அலமாரி இருந்தது. கல்யாணமாகிப் போன பெண்கள் விட்டுச் சென்ற புத்தகங்கள் அதில் கிடந்தன. பெரும்பாலும் கிராமத்து நாவல்கள்தான். ஊருக்குள் ரோடு வரும், அணை வரும், மில் வரும். நேற்றுவரை இருந்த வழக்கமெல்லாம் ஆட்டம் காணும். நடுவில் ஓர் ஆள் மாட்டிக்கொள்வார். நாங்கள் அதைப் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சுவோம். அக்கா படித்துவிட்டு விசாரணை நடத்துவார்.

"கதை எப்படிங்க்கா?" என்று கேட்டால், "மோசமான ஆக்சிடென்ட் கண்ணு. தடுத்திருக்கலாம்" என்பார்.

அணைக்கட்டு நாவல் ஒன்று. ஊர் முழுகப்போகிறது, எல்லோரும் கிளம்பிவிட்டார்கள், கிழவர் ஒருவர் மட்டும் தன் வீட்டைவிட்டு வர மறுத்துத் தண்ணீரோடு போகிறார். படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா தட்டில் தயிரை ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தார்.

"தண்ணி என்ன, கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ளயா ஏறுச்சு? அத்தியாயம் அத்தியாயமா ஏறிட்டிருக்குது. பெத்த மகன் கரையில நின்னு பழசெல்லாம் நெனைச்சுட்டிருக்கறான். அதை அப்பறம் நெனைச்சுக்கலாமுல்ல? மொதல்ல போயி அப்பனைத் தூக்கிட்டு வரோணுமுல்ல?"

"அது மண்ணை விட முடியாத ஒரு மனுசரோட சோகங்க்கா."

"சோகமெல்லாம் இல்ல. மகனோட அலட்சியம்."

சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிட வரவில்லை. வார்டன் அம்மா பதறிப்போய் விசாரிக்க, "பெரியவர் ஒருத்தர் தண்ணியில போயிட்டாருங்க. எங்கப்பாவாட்டமே பேசுவாருங்க" என்றார். வார்டன் அம்மா இளகின மனசுக்காரர். துக்க வீட்டில் எப்படி என்று அன்றைய பிரியாணியையே நிறுத்திவிட்டார். போன பெரியவர் புத்தகத்துக்குள் போனவர் என்று சாயங்காலம் தெரிந்தபோது, விடுதியில் அக்காவுக்கு நேர்ந்திருக்கக்கூடிய ஆபத்துக்கு எந்தப் பாதுகாப்பு அதிகாரியும் பொறுப்பேற்றிருக்க முடியாது.

கிணற்று நாவல்கள்தான் அவருக்கு அதிகமாகக் கோபம் வரவழைத்தவை. படித்த பெண் ஒருத்தி ஊர் வழக்கத்தை மீறுவாள், கடைசியில் கிணறு. "இதே கெணத்துல எட்டாவது அத்தியாயத்துலயே ஒருத்தி உளுந்திருக்கறா. அதுக்கப்பறமும் ஒரு கம்பி வலை போடல பாரு" என்பார். ‘ஊர் கொந்தளித்தது’ என்ற வரியைக் கண்டால் புத்தகத்தை மூடிவிடுவார்.

"ஊரு எப்படிக் கொந்தளிக்கும்? பேரைச் சொல்லச் சொல்லு. மொதல்ல கத்துனது யாரு? பக்கத்துல நின்னு வாயை மூடிட்டிருந்தது யாரு? மாட்டிக்கிட்டவளுக்கு மட்டும் பேரு, ஊரு, மச்சம் முதற்கொண்டு எழுதறாங்க. மாட்டிவிட்டவங்களை மொத்தமா ஊருன்னு போட்டுத் தப்பிக்க உட்டர்றாங்க."

இலக்கியம் படித்துவிட்டுக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அவர் சொல்வது தப்பு என்று நன்றாகத் தெரியும். எங்கே தப்பு என்பது மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.

"எழுதறவங்க மூணே வழிதான் வெச்சிருக்கறாங்க கண்ணு. கெணறு, பைத்தியம், கடைசி பஸ். சண்டையெல்லாம் போட்டுப்போட்டு, சாயங்காலம் ஊட்டுக்கு வந்து கைகால் கழுவிச் சாப்பிடறதுன்னு நாலாவதா ஒரு வழி இருக்கறதே அவங்களுக்குத் தெரியாதாட்ட இருக்குது."

அந்த நாலாவது வழி அவருக்கே கிடைக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனைமலைப் பக்கம் அவர் ஊர். அப்பாவுக்குத் தென்னந்தோப்பு. படிப்பு முடிந்ததும் மாமன் மகனுக்கென்று பேசி முடித்திருந்தார்கள். அக்கா அவனை வேண்டாமென்று சொல்லிவிட்டு மில் வேலைக்குக் கிளம்பிவிட்டார். மாமன் வீட்டோடு போக்குவரத்து நின்றது. சொந்தபந்தம் இரண்டாகப் பிரிந்தது. என் பேச்சை மதிக்காதவளுக்கு இந்த வீட்டில் வேலையில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். அதோடு அவர் மகளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

"அப்ப நீங்களும் கடைசி பஸ்ல வந்தவங்கதானுங்க்கா" என்றேன்.

"நான் வந்தது காலம்பற பஸ்ஸு. நாவலுக்கு ஆகாது" என்றார்.

ஒருநாள் அவருடைய தம்பி கல்யாணப் பத்திரிகையோடு விடுதிக்கு வந்தான். பார்வையாளர் அறையில் அக்காவுக்குத் துணையாக நானும் உட்கார்ந்திருந்தேன். கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மணப்பெண் உடுத்தப்போகும் கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளையும் மறு முனையை அவனுடைய உடன்பிறந்தவளும் பிடித்து நிற்க வேண்டும். என்ன ஆனாலும் பிறந்த வீட்டில் உனக்கு இடம் உண்டு என்று அவளுக்கு ஊரறியச் சொல்வது அது. இவனுக்கு இருப்பதோ ஒரே ஒரு அக்கா.

"இணைச்சீருக்குப் பெரியப்பா மகளை நிறுத்தலாம்னு பேசியிருக்கறாங்க. நீ வாக்கா" என்றான்.

"அப்பா என்னைக் கூப்பிடச் சொன்னாரா?"

தம்பி மின்விசிறியைப் பார்த்தான். "வேண்டாம்னு சொல்லலைக்கா."

அவன் போனதும் அக்கா முடிவாகச் சொல்லிவிட்டார். "இதுக்கு எல்லா நாவல்லயும் ஒரு அத்தியாயம் இருக்குது. மண்டபத்துல தூணோரமா ஒளிஞ்சு நிப்பா. முந்தானைல கண்ணைத் தொடைப்பா. மேளச் சத்தம் கேட்டதும் திரும்பிப் பாக்காம நடந்து போயிருவா. என்னால ஆகாது கண்ணு."

அடுத்த வாரம் புதுப் பட்டுச்சேலை ஒன்று வாங்கினார். எதற்கு என்று கேட்டேன். கூட்டம் கூடுகிற இடம், அவசர வழி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நீயும் வா என்றார்.

கல்யாணத்தன்று விடியும்போது மண்டபத்தின் பின்பக்கம் தூணோரமாகத்தான் நின்றோம். அக்கா கண்ணைத் துடைத்தார். முந்தானையால் அல்ல, கைக்குட்டையால். நாவலை அந்த அளவுக்குத்தான் அவரால் மீற முடிந்தது. மேடையில் இணைச்சீருக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. நகையெல்லாம் போட்டுக்கொண்டு பெரியப்பா மகள் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றாள். சீர் நடத்தி வைக்கும் அருமைக்காரர் செம்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தார். கீழே வைத்திருந்த ஒரு குடம் சாய்ந்து மேடையெல்லாம் ஈரமானது.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அக்காவைக் காணோம்.

மண்டபத்தின் நட்டநடுவில் மேடையை நோக்கி வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். மேளம் தடுமாறி நின்றது. "இவளை யாரு உள்ள உட்டது?" என்று ஒரு குரல் கேட்டது. ஊர் கொந்தளிக்கிறது என்று நினைத்தேன். பிறகு அக்கா சொன்னது ஞாபகம் வந்து யார் என்று தேடினேன். முன்வரிசையில் பச்சைத் துண்டு போட்ட ஒரே ஒருவர். மற்றவர்கள் வேடிக்கைதான் பார்த்தார்கள்.

அக்கா மேடைக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு நேராக அலங்கார விளக்குப் போட்ட ஆளிடம் போனார். "ஏனுங்க, மெயினை அணைங்க. மேடைக்கடியில வயர் ஜாயின்ட்டுல டேப்பு பிரிஞ்சு கெடக்குது. தண்ணி அங்கதான் போகுது."

"முகூர்த்த நேரத்துல வந்து வெளக்கை அணைக்கச் சொல்றீங்க. அதெல்லாம் மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க சொல்லோணும். நீங்க யாருங்க?"

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கும் அக்கா மேடையைத் திரும்பிப் பார்த்தார். தம்பி மேடையில் இருந்தான், சொந்தமெல்லாம் சுற்றி இருந்தது, அவர் யார் என்று சொல்ல அவருக்கே வாய் வரவில்லை.

மேடையோரம் சந்தனத் தட்டோடு நின்றிருந்த பெரியவர் குனிந்து அந்த வயரைப் பார்த்தார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். விளக்குக்காரரிடம் சொன்னார்.

"எம்பொண்ணு. அவ சொல்றதைச் செய்யப்பா."

விளக்கு அணைந்தது. ஜன்னல் வழியாக வந்த காலை வெளிச்சமே போதுமானதாக இருந்தது. தம்பி கூறைச்சேலையின் மறு முனையை அக்காவை நோக்கி நீட்டினான். பெரியப்பா மகள் தன் கழுத்து ஆரத்தைக் கழற்றி அக்காவுக்குப் போட்டாள். "கனமா கனக்குதுக்கா, நீயே போட்டுக்க" என்று சொல்லி நகர்ந்துகொண்டாள். அக்கா தம்பியோடு சேர்ந்து நின்றார். அழுதுகொண்டே காலால் தரையைத் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

அப்பா அதற்குமேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பந்தியில் அக்கா இலைக்கு நேரே வந்து, இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றச் சொல்லிப் பரிமாறுகிறவருக்குக் கை காட்டிவிட்டுப் போனார். மத்தியானம் நாங்கள் பஸ் ஏறினோம். கொஞ்ச தூரம் போனதும் அக்காவின் ஃபோன் அடித்தது. எண்ணைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து நின்றே விட்டார், பிறகு உட்கார்ந்தார். இரைச்சலில் காது கேட்காதென்று நினைத்தோ என்னவோ, அந்தப் பக்கம் அப்பா சத்தமாகப் பேசினார். பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"எடம் கெடைச்சுதா?"

"கெடைச்சுதுங்ப்பா."

"சன்னலோரமா?"

"ஆமாங்ப்பா."

"கையை வெளிய நீட்டிட்டு உக்காராத கண்ணு."

பார்த்தால், அக்காவின் முழங்கை நிஜமாகவே ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது. "செரிங்ப்பா" என்று சொல்லிச் சின்னப் பிள்ளை மாதிரி அதை உள்ளே இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். கோயமுத்தூர் வந்து சேரும்வரை அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.