பூட்டு ஐயாவின் சரக்கறை

"நேத்துக் காலைல இந்த அடுக்கு என் மூக்கு வரைக்கும் இருந்துச்சு. இன்னிக்குத் தொப்புள் வரைக்கும்தான் இருக்கு. என்னய்யா அர்த்தம்?"

குமாஸ்தா அடுக்கையும் பார்த்தார், ஐயாவின் தொப்புளையும் பார்த்தார். பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதவன் திருடன் என்பது ஐயாவின் கொள்கை. பதில் சொல்பவன் பெரிய திருடன் என்பதும் அவர் கொள்கைதான்.

அரசு மருத்துவமனையின் சரக்கறைக்கு அவர் பொறுப்பாளர். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்குவதால் மருத்துவமனை முழுவதற்கும் அவர் 'பூட்டு ஐயா'. ஊரைக் காய்ச்சல் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த நேரம் அது. முகக்கவசம், கையுறை, மேலங்கி எதுவும் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. விற்றவன் சொன்ன விலையைக் கொடுத்து அரசாங்கம் எங்கிருந்தோ வாங்கி இறக்கியிருந்தது. கொள்ளை விலை கொடுத்தீர்களே, கொள்ளையடித்தது யார் என்று பத்திரிகைகள் தினமும் கேட்டன. இந்த லட்சணத்தில் சரக்கும் காணாமல் போனால் ஐயாவின் வேலை போகும், கூடவே மானமும் போகும்.

அவர் ஜாக்கிரதைக்காரர். சரக்கு வந்த அன்றே சட்டம் போட்டுவிட்டார்: யாராக இருந்தாலும் தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். "தங்கத்தை விட ஒசத்தி. எவனாவது தும்மித் தொலைச்சான்னா மொத்தமும் வீண்!" என்றார். சட்டத்துக்கு அவரும் விலக்கல்ல. எண்ணி முடித்து, வியர்வையில் ஒட்டிக்கொண்ட மேலங்கியை உரித்துக் கடாசிவிட்டு வெளியே வந்தார்.

"குமாஸ்தா, உம்ம மேல எனக்குச் சந்தேகம் இல்ல."

"ரொம்ப நன்றிங்கய்யா."

"நன்றி எதுக்குச் சொல்றீர்? இப்பத்தான் சந்தேகம் வருது."

அன்றே ஒரு காவலாளியை உள்ளே நிறுத்தினார். தினம் காலையில் எண்ணுவது போதாது, மதியமும் எண்ண வேண்டும் என்றார். மறுநாள் அடுக்கு முழங்கால் வரை இறங்கியிருந்தது.

"வேலியே பயிரை மேயுது!" என்று கத்திய ஐயா, காவலாளியைக் கண்காணிக்க இன்னொரு காவலாளியைப் போட்டார். இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துவிட்டால்? அதற்கு மூன்றாவதாக ஒருவர். எண்ணும்போது குமாஸ்தா கூட இருக்க வேண்டும், குமாஸ்தாவுக்குச் சாட்சியாகத் தட்டச்சு அம்மாள் இருக்க வேண்டும். தேநீர் குடிக்க வெளியே போனவர்கள் திரும்பி வந்ததும் மறுபடி எண்ண வேண்டும்.

சரக்கு இன்னும் வேகமாகக் கரைந்தது.

வீட்டில் மனைவி தட்டை நகர்த்தி வைத்தாள். அவள் அதே மருத்துவமனையில் காய்ச்சல் வார்டு நர்ஸ்.

"ஏங்க, வார்டுல மேலங்கி தீர்ந்து போச்சு. நான் மழைக்கோட்டு மாட்டிக்கிட்டு வேலை பாக்கறேன். 'வெளிய நல்ல மழையாம்மா'ன்னு ஒரு நோயாளி கேக்கறார்."

"திருடனைப் பிடிக்கிற வரைக்கும் ஒரு துண்டு வெளிய போகாது."

"எனக்கு ஒண்ணாவது குடுங்களேன்."

"நல்லா இருக்கே! பொண்டாட்டிக்குத் தூக்கிக் குடுத்துட்டான்னு ஊரே சிரிக்கும்."

"பொண்டாட்டிக்கு ஏதாவது ஆயிட்டா ஊர் அழுமா?"

ஐயா பாதிச் சோற்றோடு கையைக் கழுவினார். பயமாக இருந்தது. அந்தப் பயமெல்லாம் திருடன் மேல் கோபமாகத் திரும்பியது.

அடுத்து காமிரா வைத்தார். பதிவை ஓட்டிப் பார்த்தால் நடமாடியவர்கள் எல்லோரும் கண் மட்டும் தெரிகிற வெள்ளை மூட்டைகள். யார் குமாஸ்தா, யார் காவலாளி என்று அடையாளமே தெரியவில்லை. ஒரு மூட்டை மட்டும் ஓயாமல் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தது.

"இவன்தான்! நடையைப் பாருய்யா, திருட்டு நடை!"

"ஐயா, இடுப்புல சாவிக்கொத்து புடைச்சிட்டு இருக்கு பாருங்க," என்றார் குமாஸ்தா மெதுவாக.

ஐயா காமிராவை அணைத்தார். ஆனால் ஒன்று அவருக்கு உறைத்தது. உள்ளே போன அத்தனை பேரும் வெறுங்கையோடுதான் வெளியே வந்தார்கள். அப்படியானால் உடம்பில் ஒளித்துக் கடத்துகிறார்கள்! உடனே வாசலில் சோதனை ஆரம்பமானது. வெளியே வருகிறவர்கள் மேலங்கியைக் கழற்றிவிட்டு, பையைக் கவிழ்த்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்ட வேண்டும். அகப்பட்டதெல்லாம் குமாஸ்தாவின் டப்பாவில் மிஞ்சிய ஒரு வாய் சோறுதான்.

வேறு வழியில்லாமல் தலைமை அலுவலகத்துக்குப் புகார் போனது. விசாரணைக் குழு ஒரு வேன் நிறைய வந்து இறங்கியது. முழுசாக மூடிக்கொண்டு உள்ளே போனார்கள், எண்ணினார்கள், கூடிப் பேச வெளியே வந்தார்கள். கணக்கு உதைக்கிறது என்று திரும்பவும் மூடிக்கொண்டு உள்ளே போனார்கள். இப்படியே சாயங்காலம் வரை நடந்தது. கிளம்பும்போது குழுத் தலைவர் ஐயாவின் தோளைத் தட்டினார்.

"நாங்க எண்ணிட்டு இருக்கும்போதே குறையுதய்யா. பலே கைகாரன்!"

வேன் போனதும் மனைவி வந்து நின்றாள். மழைக்கோட்டின் கை தோள்பட்டையோடு கிழிந்து தொங்கியது. கண்ணில் நீர் கோத்திருந்தது.

"மூச்சுத் திணறலோட ஒருத்தர் வந்திருக்கார். நான் கிட்டப் போயே ஆகணும். ஒண்ணே ஒண்ணு குடுங்க. திருடனை அப்புறம் பிடிங்க."

ஐயாவின் கல் மனசு கரைந்துவிட்டது. வேலை போனால் போகட்டும், இவள் போய்விட்டால் அவர் என்ன செய்வார்?

"இரு, இதோ எடுத்துட்டு வர்றேன்!"

அவசரத்திலும் சட்டத்தை மீறவில்லை. தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டு உள்ளே ஓடினார். பெட்டி பெட்டியாகக் கவிழ்த்துப் பார்த்தார். எல்லாம் காலி.

மூடிய கோலத்திலேயே வெளியே வந்தார். "போச்சு! கடைசி ஒண்ணைக் கூட விட்டு வைக்கலையே அந்தப் படுபாவி! யாருன்னு தெரிஞ்சா அவன் கழுத்தை நெரிச்சிடுவேன்!"

மனைவி அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள்.

அந்த நேரம் குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த துப்புரவு அக்கா சலித்துக்கொண்டாள்: "சீக்கிரம் கழட்டிப் போடுங்கய்யா, வண்டி கிளம்பணும். காய்ச்சல் வார்டுல இருந்து ஒரு பை கூட வரலே, நீங்க எல்லாரும் எண்ணிட்டு எண்ணிட்டுக் கழட்டிப் போட்டதைத்தான் வண்டி வண்டியா எரிச்சுக்கிட்டு இருக்கேன்!"