கயிற்றண்ணாச்சி குகைக்குள் போன கதை

ஆண்டவனே நேரில் வந்து நின்றாலும், பக்கத்துத் தூணில் அவரைக் கட்டிவிட்டுத்தான் வரம் கேட்பார் எங்கள் கயிற்றண்ணாச்சி. கட்டாத பொருள் கைவிட்டுப் போகும் என்பது அவர் சித்தாந்தம். சாலைக் கடைத்தெருவில் அவருக்குக் கயிறு மொத்த வியாபாரம். பக்கத்துக் கடையில் எனக்குப் பூட்டு, கீல், ஆணி.

குடையை மணிக்கட்டோடு கட்டியிருப்பார். பஸ்ஸில் ஏறினால் சாப்பாட்டுத் தூக்கு சீட்டுக் கம்பியோடு கட்டப்பட்டுவிடும். இறங்க வேண்டிய இடத்தில், "கொஞ்சம் நில்லும், முடிச்சு அவுக்கணும்" என்று கண்டக்டரிடம் சாவகாசமாகச் சொல்வார். அந்த முடிச்சு அவரைத் தவிர வேறு யாருக்கும் அவிழாது.

இப்படிப்பட்டவருக்குப் பிறந்த ஒரே மகள் கோவளத்தில் ஸ்கூபா பயிற்சியாளர். விதியைப் பாருங்கள்! அவளுக்கு அந்தமானில் நல்ல வேலை கிடைத்தது. அண்ணாச்சி முடியவே முடியாது என்றார்.

"ஒரு தடவை என்கூடக் கடலுக்குள்ள வாங்கப்பா. பாத்துட்டும் வேண்டாம்னா நான் போகல்ல" என்றாள் அவள்.

புதிதாக இறங்குகிறவர்களுக்கென்றே அங்கே கடலுக்குள் பாறைக்கடியில் ஒரு சின்னக் குகை இருக்கிறது. இந்த வாசலில் நின்றால் அந்த வாசலின் வெளிச்சம் தெரியும். அண்ணாச்சி வந்தார். தோளில் ஒரு சுருள் கயிறும் வந்தது.

"அப்பா, அது பாறையில மாட்டும்."

"மாட்டட்டும் மக்களே. அப்போ நான் எங்கயும் போக மாட்டேன்லா?"

வாதாடி வாதாடி, குகை வாசல்வரைக்கும் கயிறு, அதற்குமேல் கிடையாது என்று தீர்ப்பானது. ஒரு முனை அவர் இடுப்பில், மறுமுனை படகில் என் கையில். "வே, நான் ரெண்டு இழு இழுத்தா, ஒண்ணும் கேக்காம வெளிய தூக்கிப் போடும்" என்று உத்தரவிட்டுவிட்டு, முதுகில் காற்றுச் சிலிண்டரோடு, வழிதவறி வந்த கேஸ் சிலிண்டர்காரர் மாதிரி தண்ணீரில் இறங்கினார்.

கயிறு மெல்ல உள்ளே போனது. நின்றது. பிறகு தொய்ந்தது. பயந்துபோய் இழுத்தேன். வந்தது. வந்துகொண்டே இருந்தது. கடைசியில் வெறும் நுனி வந்தது, அண்ணாச்சி வரவில்லை.

"ஐயோ, அண்ணாச்சி போயாச்சே!" என்று நான் போட்ட கூச்சலில் படகுக்காரர் வாயிலிருந்த பீடி கடலில் விழுந்தது.

"ஒச்ச வெக்காதீங்க சேட்டா! மோளு கூட உண்டல்லோ, பேடிக்கண்டா" என்று, மகள் கூடவே இருக்கும்போது என்ன பயம் என அவர் மலையாளத்தில் அதட்டிக்கொண்டிருக்கும்போதே பாறைக்கு அந்தப் பக்கம் இரண்டு தலைகள் முளைத்தன. அண்ணாச்சி மகளின் கையைப் பிடித்திருந்தார்.

படகில் ஏறியதும் வெறும் நுனியை நீட்டி, "என்ன அண்ணாச்சி இது?" என்றேன்.

மகள்தான் சொன்னாள். "வாசல்ல வச்சு நான் அவுத்துப் பாத்தேன் மாமா, முடிச்சு அசையல்ல. சரி, திரும்பிப் போலாம்னு கை காட்டினேன். அப்பா குகையைப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. பிறகு அவங்களே அவுத்துட்டாங்க."

அண்ணாச்சி அந்த வெறும் நுனியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இருட்டுல நம்ம கடைக்குள்ள நான் தட்டாம நடப்பேன்லா வே? அவ அங்க அப்படி நடக்கா" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "போயிட்டு வா மக்களே" என்றார். அவள் அப்பாவின் ஈரத் தோளில் முகம் புதைத்து அழுதாள்.

இப்போது தினமும் கடையடைக்கும் நேரத்துக்கு என் கடைக்கு வந்து அமர்ந்து அவளுக்குப் போன் போடுகிறார். தன் கடையில் சிக்னல் இல்லையாம். சுத்தப் பொய். "இன்னைக்குக் கடல் எப்படி இருந்து மக்களே? தெளிஞ்சு கிடந்தா?" என்று கேட்பார். அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை நான் ஷட்டரை இறக்குவதில்லை. அதைக் கேட்டால்தான் எனக்கும் வீட்டுக்குப் போக மனம் வருகிறது.