கார்டில் ஏழு மணி என்று போட்டிருந்தது

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 8.45

பெருமதிப்புக்குரிய மச்சான் ரெங்கசாமி அவர்களுக்கு,

உங்கள் தங்கை லோகேஸ்வரியின் கணவன் சுகுமாறன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம். ஜெஞ்சாரோமில் நீங்களும் அக்காவும் உங்கள் மகள் தாமரையும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கப் போன மார்ச் மாதத்திலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கேட்டுவிட்டேன்.

இன்று பதினொரு மணிக்கு உங்கள் வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரோடு உட்கார்ந்து, தாமரையின் கல்யாண டின்னரை மைக் பிடித்து நடத்தும் எம்.சி. யார் என்று முடிவு செய்யப் போகிறீர்கள். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிட்டிருப்பதாகவும், நான் மூளைக்கு மாத்திரை சாப்பிட்டுக் கெட்டுப்போய்விட்டதாகவும் குடும்ப வாட்ஸ்அப்பில் நீங்கள் போட்ட குரல் பதிவைக் கேட்டேன். மூன்று முறை கேட்டேன். வருத்தமாக இருந்தது மச்சான். இருபது வருஷமாக இந்த வட்டாரத்தில் மைக் பிடிக்கிறவன் நான். பிள்ளை இல்லாத எனக்குத் தாமரைதான் பிள்ளை. அவள் டின்னரில் பதினாலாம் நம்பர் மேசையில் உட்கார்ந்து, இன்னொருவன் அவள் பெயரைச் சொல்லி அழைப்பதைக் கேட்டுக்கொண்டே சோறு தின்ன என்னால் ஆகாது. நேரில் பேசினால் பேச்சு எங்கேயோ போய்விடும் என்பதால், இரண்டே வரியில் எழுதிக் கையோடு கொண்டுவந்து கொடுக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மாத்திரையும் இப்போதுதான் போட்டேன்.

நான் ஏன் டாக்டரிடம் போனேன் என்று உங்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். கிள்ளானில் ஒரே கட்டடத்தில் மாடிக்கு ஒரு மண்டபம் இருக்கும் இடத்தில், இரண்டாம் மாடிக் கல்யாணத்துக்குப் போக வேண்டியவன், படி ஏறும்போது ஒரு ஜோக் தோன்ற, அதை யோசித்துக்கொண்டே முதல் மாடிக்குள் நுழைந்து, மைக்கை வாங்கி அரை மணி நேரம் பேசிவிட்டேன். அது கல்யாணமே இல்லை, இராமலிங்கம் என்ற பெரியவரின் எண்பதாவது பிறந்தநாள். நான் அவரை மாப்பிள்ளை என்று அறிமுகப்படுத்தினேன். அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம், என் கையை விடவே இல்லை. மேலே பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலிலேயே நின்று வேர்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மறுநாளே லோகேஸ்வரி என்னை டாக்டர் நிலோபரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் ஒரு கேள்வி கேட்டார், நான் முக்கால் மணி நேரம் பதில் சொன்னேன், அதுவே போதும் என்றார். "உங்களுக்கு அறிவுல ஒரு குறையும் இல்ல அங்கிள். கவனம்தான் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. ஏ.டி.டி.ம்பாங்க, பெரியவங்களுக்கும் இருக்கும்" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மாத்திரை அருமையான மாத்திரை, அதில் சந்தேகமே வேண்டாம். மூன்றாம் நாளே கார் சாவி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. நின்றுபோன ஃபேனைக் கழற்றினேன், கழற்றியதைத் திரும்ப மாட்டவும் செய்தேன். லோகேஸ்வரி பேசியதைக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகக் கடைசிவரை கேட்டேன். அவளுக்கே சங்கடமாகிவிட்டது, கடைசியில் சொல்வதற்கு அவள் எதுவும் வைத்திருக்கவில்லை. ஆனால் மச்சான், மைக்கைப் பிடித்தால்தான் கஷ்டம். முன்பெல்லாம் ஒன்றைச் சொல்லப் போனால் தலைக்குள் ஒன்பது பேர் முட்டிமோதிக்கொண்டு வருவார்கள். இப்போது ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறான், அவன் கையில் நிகழ்ச்சி நிரல் இருக்கிறது.

அந்த லட்சணத்தில்தான் நாகையா என்பவர் வீட்டுக் கல்யாண டின்னர் நடந்தது. கார்டில் ஏழு மணி என்று போட்டிருந்தது. ஏழு மணி என்று போட்டால் ஒன்பதுக்குத்தான் ஆள் வரும் என்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் நிகழ்ச்சி நிரல் வைத்திருந்த ஆளுக்குத் தெரியவில்லை. சரியாக ஏழுக்கு வணக்கம் சொன்னேன். மண்டபத்தில் இருந்தது சமையல்காரர்கள், ஒலிபெருக்கி வாசு, அப்புறம் பெண் வேலை செய்யும் கம்பெனியின் சீன முதலாளியும் அவர் மனைவியும். பாவம், அவர்கள் கார்டை நம்பி வந்தவர்கள். ஏழு பத்துக்கு "இதோ மணமக்கள் வருகிறார்கள்" என்றேன். பெண் அப்போது சலூனில் இருந்தது. கதவு திறந்தது, ஐஸ் பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார், வாசு பழக்கதோஷத்தில் மணமக்கள் நுழையும்போது விடும் மேடைப் புகையை விட்டுவிட்டான், சீனத் தம்பதி எழுந்து நின்று கைதட்டினார்கள். கேக்கையும் அவர்களே வெட்டினார்கள். வாழ்த்துரையும் அந்த முதலாளிதான், நன்றாகவே பேசினார். எட்டேகாலுக்கு நன்றி சொல்லி முடித்துவிட்டேன். நாகையா ஒன்பது மணிக்கு ஆரத்தித் தட்டோடு வந்து நின்று, "என்னண்ணே, எல்லாம் முடிச்சிட்டீங்களா?" என்றார். "கார்ட்ல ஏழுன்னு போட்டிருந்தீங்களே" என்றேன். "அது கார்டுக்கு லா" என்றார். அந்த மனிதர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டாவது தடவையாக எல்லாவற்றையும் நடத்திக் கொடுத்தேன், ஆனால் ஒரு ஜோக் கூட வரவில்லை. ஒன்றைச் சொல்லத் தொடங்கி, "இது போன வாரம் பந்திங்கில் சொன்னது" என்று நானே அறிவித்துவிட்டேன்.

டாக்டரிடம் போய் என் கற்பனையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். "அது எங்கயும் போகல அங்கிள். அளவு கொஞ்சம் குறைக்கலாம், போடுற நேரத்த மாத்தலாம்" என்றார். குறைத்துப் பத்து நாள் ஆகிறது. நேற்று குளிக்கும்போது இரண்டு ஜோக் வந்தது, ஒன்று நன்றாகவே இருந்தது. ஆகவே மச்சான், இப்போது எனக்குக் கவனமும் இருக்கிறது, கற்பனையும் இருக்கிறது. நேரம் தவற மாட்டேன், இடம் தவற மாட்டேன். இன்று பதினொரு மணிக்கு உங்கள் வீட்டுக் கேட்டில் நான் நிற்பதே அதற்கு அத்தாட்சி. என்னை நம்பி மைக்கைக் கொடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். தாமரை பதினாறும் பெற்று நிறைவாக வாழ என் ஆசிகள். உங்கள் முழங்காலுக்கும்.

என்றும் உங்கள் அன்பு மறவாத,
சுகுமாறன்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தேன், மணி இரண்டேகால். நான்கு தடவை அடித்துத் திருத்தி, ஓரத்தில் கோடு போட்டு, நல்ல தாளில் எழுதி முடித்திருக்கிறேன். லோகேஸ்வரி நடுவில் வந்து "நான் கிளம்புறேங்க, வர்றீங்களா?" என்று கேட்டதும் நான் "ம்" என்றதும் இப்போதுதான் ஞாபகம் வருகிறது. மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்போது கையில் என்ன இருக்கிறதோ அதையே கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன் என்று டாக்டர் எச்சரித்திருந்தார், என் கையில் பேனா இருந்துவிட்டது. போனில் பதினோரு அழைப்புகள். எல்லாம் போயிற்று என்று உட்கார்ந்து அழுதேன், மறைப்பானேன். அப்புறம்தான் தாமரையின் குரல் பதிவைக் கேட்டேன். "மாமா, அந்த பிரிக்பீல்ட்ஸ் அங்கிள் டாண்ணு பதினொன்னுக்கு வந்துட்டாரு. அப்பாவுக்குப் பயம் வந்துருச்சு, இவரும் மாத்திரை சாப்பிடுவாரு போலன்னு அனுப்பிட்டாரு. நீங்க மூணு மணி நேரமா வரலல்ல, 'சுகு பழையபடி நல்லாயிட்டான் லா, அவனே பேசட்டும்'னு சொல்லிட்டாரு." மச்சான், உங்கள் நம்பிக்கைக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போகிறேன். இவ்வளவு அழகாக எழுதிய கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை, அனுப்பிவிடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள், தாமரையின் டின்னர் முடிந்த பிறகு இதைப் பிரித்துப் படியுங்கள்.